கணிதத் தர்க்கத்தில் முதுநிலைப் படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணிதத் தர்க்கத்தை முதுநிலையில் படிக்க எண்ணுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். சேர்க்கை விதிகளும் கட்டணங்களும் ஆண்டுதோறும் மாறுகிறவை என்பதால் அவற்றை ஒதுக்கிவிட்டுப் பாடத்தைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறேன். சில விடைகள் நீளமானவை. மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழுகிற இடங்கள் அவைதாம்.

பள்ளியில் படித்த மெய் அட்டவணைகளின் தொடர்ச்சிதானா இது?

அரிச்சுவடியின் தொடர்ச்சி யாப்பிலக்கணம் என்று சொல்வது எந்த அளவுக்குச் சரியோ அந்த அளவுக்கு இதுவும் சரி. ‘மற்றும்’, ‘அல்லது’, ‘எனில்’, ‘அன்று’ ஆகிய சொற்களை மட்டும் கொண்டு கட்டிய ஒரு கூற்று எப்போதும் மெய்யா என்பதை அட்டவணை போட்டே பார்த்துவிடலாம். 5 எளிய கூற்றுகள் இருந்தால் 32 வரிசைகள், 10 இருந்தால் 1,024 வரிசைகள்; சலிப்பூட்டும் வேலையே தவிர முடியாத வேலை அன்று. ஆனால் ‘எல்லா எண்களுக்கும்’, ‘ஏதேனும் ஓர் எண்ணுக்கு’ என்ற சொற்கள் உள்ளே நுழைந்ததும் நிலைமை வேறாகிவிடுகிறது. அத்தகைய கூற்று ஒன்று எல்லாக் கட்டமைப்புகளிலும் (அதாவது அது பேசக்கூடிய எண்களின் தொகுப்பு போன்ற எந்த உலகத்திலும்) மெய்யாகுமா என்று எப்போதும் சரியாகக் கண்டுசொல்லும் இயந்திர முறை எதுவும் இருக்க முடியாது என்பதை 1936இல் அலோன்சோ சர்ச்சும் ஆலன் டூரிங்கும் தனித்தனியே நிறுவினார்கள். முதுநிலைப் படிப்பு அட்டவணைகளை முதல் வாரத்திலேயே கடந்துவிடும். அதன் பிறகு ‘எல்லா’, ‘ஏதேனும் ஒரு’ என்ற சொற்களைக் கொண்ட முதல்நிலைத் தர்க்கம்தான் அதன் களம்.

புதிர்களும் விவாதக் கலையும் இதில் வருமா?

வராது. எதிராளியின் வாதத்தில் குறை கண்டுபிடிக்கும் பயிற்சியை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். இது கணிதம்; வரையறை, தேற்றம், நிரூபணம் என்ற வரிசையிலேயே வகுப்புகள் நடக்கும்.

பாடங்கள் என்னென்ன?

வழக்கமாக நான்கு கிளைகளைச் சொல்வார்கள்: மாதிரிக் கோட்பாடு, கணக் கோட்பாடு, கணிமைக் கோட்பாடு, நிரூபணக் கோட்பாடு. நான்கையும் ஒரே ஆழத்தில் கற்றுத்தரும் துறை அரிது. ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்பதை ஆளுக்கொரு தேற்றத்தை வைத்துக் காட்டுகிறேன்.

மாதிரிக் கோட்பாடு, ஓர் அடிகோள் தொகுதியை, அதாவது நிரூபணமின்றித் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும் கூற்றுகளை, நிறைவு செய்யும் கட்டமைப்புகளை ஆராய்வது. ஜேம்ஸ் ஆக்ஸ் 1968இல் வெளியிட்ட ஒரு முடிவு இதன் சுவையை உடனே காட்டிவிடும். கலப்பெண் ஆயங்களால் ஆன வெளியிலிருந்து அதே வெளிக்குப் பல்லுறுப்புக் கோவைகளால் ஒரு சார்பை அமைக்கிறோம். அது வெவ்வேறு புள்ளிகளை வெவ்வேறு புள்ளிகளுக்கே அனுப்புகிறது என்றால், அது எந்தப் புள்ளியையும் எட்டாமல் விடாது என்பது தேற்றம். உறுப்புகளை எண்ணி முடிக்கக்கூடிய களங்களில் (களம் என்பது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் செய்யத்தக்க எண் அமைப்பு) இது வெறும் எண்ணிக்கை வாதம்: பத்துப் பேர் பத்து நாற்காலிகளில் ஆளுக்கொன்றாக உட்கார்ந்தால் எந்த நாற்காலியும் காலியாக இராது. கலப்பெண்களோ முடிவில்லாதவை, அங்கே அந்த வாதம் செல்லாது. ஆனாலும் முதல்நிலைத் தர்க்கத்தின் தேற்றங்கள், சிறிய களங்களில் மெய்யானதை அப்படியே தூக்கிக் கலப்பெண்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகின்றன. முதல்முறை இந்த நிரூபணத்தைப் படிக்கிறவருக்கு ஏதோ ஏமாற்று வேலை நடந்ததுபோலத் தோன்றும். இரண்டாம் முறையும் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

கணக் கோட்பாடு, செர்மெலோ–ஃபிராங்கெல் அடிகோள்களிலிருந்து தொடங்கி, முடிவிலிகளின் அளவுகளையும் அந்த அடிகோள்களால் எதைத் தீர்மானிக்க முடியும், எதை முடியாது என்பதையும் ஆராய்கிறது. இதற்குத் தனிக் கேள்வி ஒன்று கீழே இருக்கிறது.

கணிமைக் கோட்பாடு, இயந்திர முறையால் எதைக் கணிக்க முடியும் என்பதைப் பற்றியது. முழு எண் கெழுக்கள் கொண்ட சமன்பாடு ஒன்றைக் கொடுத்தால் அதற்கு முழு எண் தீர்வு உண்டா என்று சொல்லும் பொதுமுறை வேண்டும் என்று கணிதவியலாளர் ஹில்பர்ட் 1900இல் தாம் தொகுத்த கணக்குப் பட்டியலின் பத்தாம் கணக்கில் கேட்டார். மார்ட்டின் டேவிஸ், ஹிலாரி புட்னம், ஜூலியா ராபின்சன் ஆகியோர் அமைத்துவைத்த வழியில் கடைசி அடியை 1970இல் எடுத்துவைத்து, அப்படியொரு முறை இல்லை என்று யூரி மத்தியாசேவிச் நிறுவினார்.

நிரூபணக் கோட்பாட்டில் நிரூபணமே ஒரு கணிதப் பொருளாகிறது; மரம் போன்ற அந்த உருவத்தை வெட்டலாம், சுருக்கலாம், அதன் உயரத்தை அளக்கலாம். கெர்ஹார்ட் கென்ட்சன் 1930களின் நடுவில் இதைத் தொடங்கிவைத்தார். கணினி அறிவியலோடு நெருங்கிய உறவு கொண்ட கிளையும் இதுவே. ஆனால் பல துறைகளில் இது விருப்பப் பாடமாக ஒதுங்கிக் கிடப்பது எனக்கு ஒப்புதல் இல்லாத ஒன்று.

எந்த இளநிலைப் பட்டம் தேவை?

கணிதம், கணினி அறிவியல், மெய்யியல் ஆகிய மூன்று வழிகளிலும் மாணவர்கள் வருகிறார்கள். ஒவ்வொரு வழியில் வருகிறவருக்கும் ஒவ்வொரு பள்ளம் காத்திருக்கிறது.

மெய்யியலிலிருந்து வருகிறவர் வரையறைகளைக் கூர்ந்து படிப்பார். ஆனால் மாதிரிக் கோட்பாட்டு வகுப்பில் ஆசிரியர் போகிற போக்கில் குலம், வளையம், களம் என்று எடுத்துக்காட்டு சொல்லும்போது தவித்துவிடுவார். ஒரு பருவமாவது இயற்கணிதம் படித்துவிட்டு வருவது அவருக்குப் பெருந்துணை. கணினி அறிவியல் மாணவருக்குக் கணிமைக் கோட்பாடு கைவந்ததாக இருக்கும். முடிவிலிக்கு அப்பாலும் நீளும் வரிசையெண்களில் தொகுத்தறிதல் செய்யச் சொன்னால் கால் இடறும்.

கணித மாணவரின் பள்ளம் அவருக்கே தெரியாதது. குறியீட்டு விதிகளை அவர் எழுத்தர் வேலையாக நினைத்துத் தாண்டிப் போவார். ‘க-வைவிடப் பெரிய ச ஒன்று உண்டு’ என்ற கூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இயல் எண்களில் க எதுவாக இருந்தாலும் இது மெய். க-வின் இடத்தில் எந்த எண்ணையும் போடலாம் என்றால் எந்த மாறியையும் போடலாம் அல்லவா என்று எண்ணி, க-வின் இடத்தில் ச-வையே போட்டால் ‘ச-வைவிடப் பெரிய ச ஒன்று உண்டு’ என்று வருகிறது. அதாவது தன்னைவிடப் பெரிய எண் ஒன்று உண்டு. வெளியிலிருந்து வந்த ச, உள்ளே ஏற்கெனவே கட்டுண்டிருந்த ச-விடம் அகப்பட்டுக்கொண்டது. இதைத் தடுக்கும் விதி பாடநூலில் அரைப் பக்கம்தான் இருக்கும். அந்த அரைப் பக்கத்தைப் படிக்காமல் தாண்டியதால் ஒரு துணைத்தேற்றத்தில் இருபது நாள் நின்றவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

பட்டம் எதுவானாலும், முரண்பாட்டு முறையிலும் கணிதத் தொகுத்தறிதலாலும் ஒரு நிரூபணத்தைத் தாமாகவே எழுதத் தெரிந்திருப்பது குறைந்தபட்சத் தகுதி. மதிப்பெண் பட்டியலைக் காட்டிலும் இதுதான் முதல் பருவத்தைக் காப்பாற்றும்.

எங்கே படிக்கலாம்?

தர்க்கத்துக்கென்றே தனிப் பட்டம் தரும் இடங்கள் உலகில் குறைவு. கணிதத் துறைக்குள்ளேயோ கணினித் துறைக்குள்ளேயோ தர்க்கத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொள்வதுதான் பெரும்பாலான இடங்களில் வழக்கம். தனிப் பட்டங்களில் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் இரண்டாண்டுப் படிப்பு பலரும் அறிந்தது. ஐரோப்பிய முறையில் 120 கிரெடிட் கொண்ட அதில் கணிதம், கணினி, மொழி, மெய்யியல் ஆகிய நான்கு திசைகளிலும் போகலாம். பாரிஸ் சிட்டே பல்கலைக்கழகத்தில் தர்க்கத்துக்கும் கணினி அறிவியலின் அடிப்படைகளுக்குமாக ஓராண்டுப் படிப்பு உண்டு. அது முதுநிலையின் இரண்டாம் ஆண்டு என்பதால், நுழையும்போதே நான்காண்டுக் கணிதப் பயிற்சியை எதிர்பார்க்கும், வேகமும் கூடுதல். மியூனிக் பல்கலைக்கழகத்தின் படிப்பு தர்க்கத்தோடு அறிவியல் மெய்யியலையும் சேர்த்தது. பார்சிலோனாவிலும் தர்க்கத்துக்கென முதுநிலைப் பட்டம் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் ஓராண்டுப் படிப்பு கணிதத்தையும் கணினி அறிவியலின் அடிப்படைகளையும் இணைப்பது. கணக் கோட்பாட்டில் மனம் ஊன்றியவர் வியன்னாவையும், மாதிரிக் கோட்பாட்டில் ஊன்றியவர் மியூன்ஸ்டரையும் பார்க்கலாம். அமெரிக்காவில் இத்துறை பெரும்பாலும் முனைவர் பட்டத்தோடு சேர்ந்தது. பெர்க்லியில் ஆல்ஃபிரட் டார்ஸ்கியின் முயற்சியால் 1950களில் உருவான தர்க்கக் குழுவும் முனைவர் பட்டத்துக்கானதே.

பெயரைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்தத் துறையில் எந்தெந்தத் தர்க்கப் பாடங்கள் உண்மையிலேயே நடத்தப்பட்டன என்று பாருங்கள். கையேட்டில் அச்சிட்டிருக்கும் பாடங்களில் சில, ஆசிரியர் ஓய்வு பெற்றதோடு நின்றுபோனவையாக இருக்கும். பயிற்றுமொழி எது என்பதையும் துறைக்கே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தர்க்கவியலாளர் கெடல் ஒரு தேற்றத்தில் ‘முழுமை’ என்கிறார், மறு தேற்றத்தில் ‘முழுமையின்மை’ என்கிறார். எது சரி?

இரண்டும் சரி. இந்தக் கேள்விக்குத் தெளிவாக விடை சொல்லத் தெரிந்தவர் முதல் பருவத்தின் பாதியைக் கடந்துவிட்டார் என்பேன், ஆகவே இதில் கொஞ்சம் தங்க வேண்டும்.

தர்க்கத்தில் இரண்டு கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்றில், எது எந்தக் கட்டமைப்பில் மெய் என்று எழுதுகிறோம். மற்றொன்றில், எது எந்த அடிகோள்களிலிருந்து விதிப்படி வருவிக்கத்தக்கது என்று எழுதுகிறோம். அன்றாடக் கணிதத்தில் இரண்டும் ஒன்றாகவே புழங்குவதால் வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. தர்க்க மாணவர் ஒவ்வொரு வாக்கியத்தை எழுதும்போதும் இது எந்தப் புத்தகத்தின் வரி என்று கேட்டுக்கொள்ள வேண்டும். என் கணிப்பில் இந்தப் படிப்பின் கடினம் முழுவதும் இந்த ஒரு பழக்கத்தில்தான் இருக்கிறது.

கூர்ட் கெடல் 1929இல் வியன்னாவில் முனைவர் ஆய்வேடாகச் சமர்ப்பித்தது முழுமைத் தேற்றம். ஓர் அடிகோள் தொகுதியை நிறைவு செய்யும் எல்லாக் கட்டமைப்புகளிலும் ஒரு கூற்று மெய் என்றால், அந்த அடிகோள்களிலிருந்து அதை வருவித்துவிடலாம் என்பது அதன் பொருள். இங்கே ‘முழுமை’ என்பது வருவிப்பு விதிகளைப் பற்றிய சொல்: விதிகள் போதுமானவை, இனி புது விதி தேவையில்லை.

1930 செப்டம்பரில் கோனிக்ஸ்பெர்க்கில் நடந்த ஒரு மாநாட்டில் அவர் முதன்முதலாக வாய்விட்டுச் சொல்லி, 1931இல் அச்சில் வந்தது முழுமையின்மைத் தேற்றம். இங்கே ‘முழுமை’ என்பது அடிகோள் தொகுதியைப் பற்றிய சொல்: எந்தக் கூற்றை எடுத்தாலும், அதையோ அதன் மறுப்பையோ அந்தத் தொகுதியிலிருந்து வருவிக்க முடிந்தால் அத்தொகுதி முழுமையானது. எண்கணிதத்துக்கு நாம் எழுதக்கூடிய முரணற்ற அடிகோள் தொகுதி எதுவும் இந்தப் பொருளில் முழுமையானதாக இராது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எண்கணித அடிகோள்களிலிருந்து ஒரு கூற்றையும் வருவிக்க முடியவில்லை, அதன் மறுப்பையும் வருவிக்க முடியவில்லை என்றால், முதல் தேற்றத்தின்படி அந்தக் கூற்று பொய்யாகும் கட்டமைப்பு ஒன்றும் மெய்யாகும் கட்டமைப்பு ஒன்றும் இருந்தே ஆக வேண்டும். இரண்டும் அதே அடிகோள்களை நிறைவு செய்யும். அவற்றில் ஒன்றாவது நாம் அறிந்த 0, 1, 2 என்ற வரிசை அன்று. எல்லா இயல் எண்களுக்கும் அப்பால் வேறு ‘எண்கள்’ கொண்ட ஏதோ ஒரு விசித்திர உருவம். முதல் தேற்றத்தை மறுக்காதது மட்டுமன்று, அதன் கைப்பிடித்துக்கொண்டே இரண்டாம் தேற்றம் இப்படி நம்மை அழைத்துப் போகிறது.

அப்படியானால் ‘கணிதத்தில் நிரூபிக்கவே முடியாத உண்மைகள் உண்டு’ என்று கெடல் காட்டிவிட்டார் என்று சொல்லலாமா?

அப்படியே சொல்லக் கூடாது. மேடைப் பேச்சில் அடிபடும் அந்த வாக்கியத்தில் மூன்று நிபந்தனைகள் உதிர்ந்துபோயிருக்கின்றன. தொகுதி முரணற்றதாக இருக்க வேண்டும். ஒரு வாக்கியம் அதன் அடிகோளா இல்லையா என்று இயந்திர முறையில் சொல்ல முடிய வேண்டும். கூட்டலையும் பெருக்கலையும் பேசும் அளவுக்கு அதற்கு வலு இருக்க வேண்டும். கடைசி நிபந்தனை அலங்காரத்துக்கு வைத்ததன்று. கூட்டல் மட்டுமே உள்ள எண்கணிதம் முழுமையானது, அதன் கூற்றுகள் மெய்யா பொய்யா என்று இயந்திர முறையில் தீர்மானிக்கத்தக்கது என்று 1929இலேயே பிரெஸ்பர்கர் காட்டியிருந்தார். மெய்யெண்களின் கூட்டல், பெருக்கல், வரிசை ஆகியவற்றின் முதல்நிலைக் கோட்பாடும் அப்படியே என்று டார்ஸ்கி காட்டினார்.

தவிர, ‘நிரூபிக்க முடியாது’ என்பது எப்போதும் ‘இந்தத் தொகுதியில்’ என்ற சொல்லோடு சேர்த்தே பொருள்படும். இதற்கு நல்ல சான்று 1944இல் ரூபன் குட்ஸ்டைன் வெளியிட்ட தேற்றம். கையாலேயே செய்து பார்க்கலாம். ஓர் எண்ணை 2-இன் அடுக்குகளாக, அடுக்குக்குறிகளையும் 2-ஐக் கொண்டே எழுதுங்கள். பிறகு 2 வரும் இடமெல்லாம் 3 போட்டு, விடையிலிருந்து 1-ஐக் கழியுங்கள். அடுத்து அதை 3-ஐக் கொண்டு எழுதி, 3-ஐ 4 ஆக்கி, மறுபடி 1-ஐக் கழியுங்கள். 3 என்ற எண்ணில் தொடங்கினால் 3, 3, 3, 2, 1, 0 என்று ஆறே உறுப்புகளில் அடங்கிவிடும். 4-இல் தொடங்கிப் பாருங்கள்: 4, 26, 41, 60, 83 என்று ஏறிக்கொண்டே போகும். இதுவும் ஒரு நாள் 0-க்கு வந்து சேரும். ஆனால் அதற்குத் தேவையான படிகளின் எண்ணிக்கையை எழுதவே 12 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் வேண்டும். எந்த எண்ணில் தொடங்கினாலும் வரிசை 0-ஐ அடையும் என்பதுதான் தேற்றம். பியானோவின் எண்கணித அடிகோள்களால் இதை நிரூபிக்க முடியாது என்று 1982இல் லாரன்ஸ் கெர்பியும் ஜெஃப் பாரிசும் காட்டினார்கள். கணக் கோட்பாட்டிலோ, வரிசையெண்களைப் பயன்படுத்தி ஒரு பக்கத்தில் நிரூபித்துவிடலாம். ‘நிரூபிக்கவே முடியாத உண்மை’ என்று இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

வகுப்பில் தரும் பயிற்சிக் கணக்கு எப்படியிருக்கும்?

முதல் மாதத்துக் கணக்கு ஒன்று: ‘இந்தக் கட்டமைப்பில் உறுப்புகளின் எண்ணிக்கை முடிவுள்ளது’ என்று சொல்லும் முதல்நிலைக் கூற்று எதுவும் இல்லை என்று நிறுவுக.

இதற்குப் பயன்படுவது கச்சிதத் தேற்றம். கூற்றுகளின் ஒரு தொகுதியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முடிவுள்ள பகுதிக்கும் அதை நிறைவு செய்யும் கட்டமைப்பு ஒன்று இருந்தால், தொகுதி முழுவதையும் ஒருங்கே நிறைவு செய்யும் கட்டமைப்பும் உண்டு என்பது அது. முழுமைத் தேற்றத்தின் நேரடி விளைவு. வருவிப்பு எதுவும் முடிவுள்ள எண்ணிக்கையிலான அடிகோள்களையே பயன்படுத்தும் என்பதால் கிடைப்பது.

கேட்ட கூற்று இருப்பதாக வைத்துக்கொண்டு அதற்கு ‘அ’ என்று பெயரிடுங்கள். அதோடு ‘குறைந்தது 2 உறுப்புகள் உள்ளன’, ‘குறைந்தது 3 உறுப்புகள் உள்ளன’ என்று முடிவில்லாமல் கூற்றுகளைச் சேர்த்துக்கொண்டே போங்கள். இவை ஒவ்வொன்றையும் முதல்நிலைத் தர்க்கத்தில் எழுத முடியும். இந்தப் பெருந்தொகுதியிலிருந்து எந்த முடிவுள்ள பகுதியை எடுத்தாலும், அதில் வரும் எண்களில் மிகப் பெரியது ஒன்று இருக்கும். அத்தனை உறுப்புகள் கொண்ட ஒரு முடிவுள்ள கட்டமைப்பு அந்தப் பகுதியை நிறைவு செய்யும். ஆகவே தேற்றத்தின்படி தொகுதி முழுவதையும் நிறைவு செய்யும் கட்டமைப்பு ஒன்று உண்டு. அதில் ‘அ’ மெய், ஆகவே அது முடிவுள்ளது. மற்றக் கூற்றுகளும் மெய், ஆகவே அது முடிவில்லாதது. முரண்பாடு.

படிக்க எளிதாக இருக்கிறது. திருத்தக் கொடுத்த தாள்களில் வரும் பிழையும் ஒரே மாதிரியானது: ‘எல்லா முடிவுள்ள பகுதிகளையும் நிறைவு செய்யும் ஒரு கட்டமைப்பை எடுத்துக்கொள்வோம்’ என்று எழுதிவிடுவார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிக் கட்டமைப்பு என்பதுதான் நம் கையில் இருப்பது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு என்பது தேற்றத்தின் முடிவு. ‘ஒவ்வொன்றுக்கும் ஒன்று’, ‘ஒன்றே எல்லாவற்றுக்கும்’ என்ற இந்த இடமாற்றம் நிகழாத விடைத்தாள் கட்டு ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை.

ஓராண்டில் ஃபோர்ஸிங் வரை போக முடியுமா?

முடியும், ஆனால் முதல் பருவத்தில் அதைத் தொட வேண்டாம். பின்னணி இதுதான்: இயல் எண்களின் எண்ணிக்கைக்கும் மெய்யெண்களின் எண்ணிக்கைக்கும் இடையில் வேறோர் அளவு இல்லை என்று கேன்டர் 1878இல் ஊகித்தார்; ஹில்பர்ட் 1900இல் தொகுத்த 23 கணக்குகளில் முதலாவது இதுவே. கணக் கோட்பாட்டு அடிகோள்கள் முரணற்றவை என்றால் அவற்றால் இந்த ஊகத்தைப் பொய்ப்பிக்க முடியாது என்று கெடல் 1938இல் காட்டினார். மெய்ப்பிக்கவும் முடியாது என்று பால் கோஹன் 1963இல் காட்டினார். அதற்காக அவர் கண்டுபிடித்த முறையே ஃபோர்ஸிங். 1966இல் அவருக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. அடிகோள்கள், வரிசையெண்கள், கணங்களின் அளவைக் குறிக்கும் எண்ணளவைகள் ஆகியவை ஒரு பருவம். கெடலின் கட்டுமானமும் ஃபோர்ஸிங்கும் மறு பருவம் என்பது நியாயமான வேகம். ஒரு கட்டமைப்புக்கு உள்ளே நின்று பார்ப்பதையும் வெளியே நின்று பார்ப்பதையும் மாறி மாறிச் செய்யும் பயிற்சி வராமல் ஃபோர்ஸிங்கில் இறங்கினால், ஒவ்வொரு வரியும் புரிந்ததுபோல இருந்து கடைசியில் எதுவும் கையில் நிற்காது.

லீன் போன்ற நிரூபணச் சரிபார்ப்பு மென்பொருள்களைக் கற்க வேண்டுமா?

கற்றால் நல்லது, தர்க்கத்துக்கு மாற்றாகக் கற்கக் கூடாது. நான்கு வண்ணத் தேற்றத்தின் முழு நிரூபணத்தையும் ஜார்ஜ் கோந்தியே 2005இல் காக் என்ற மென்பொருளில் எழுதிச் சரிபார்த்தார்; 2012இல் அவர் தலைமையில் ஒரு குழு, குலக் கோட்பாட்டின் மிக நீளமான தேற்றங்களில் ஒன்றான ஃபைட்–தாம்ப்சன் தேற்றத்தையும் அப்படியே முடித்தது. லீன் 2013இல் வந்தது; இன்று கணிதவியலாளர்களிடையே மிகுதியாகப் புழங்குகிறது. காக், லீன் இரண்டும், ஒவ்வொரு பொருளுக்கும் அதன் வகையைக் குறித்துவைக்கும் வகைக் கோட்பாட்டின் (type theory) மேல் கட்டியவை. வகுப்பில் படிக்கும் முதல்நிலைத் தர்க்கத்தின் மேலோ கணக் கோட்பாட்டின் மேலோ அல்ல. எனவே ஒன்றில் பெற்ற தேர்ச்சி மற்றொன்றுக்கு நேராக மாறாது. எனினும் மேலே சொன்ன ‘ஒவ்வொன்றுக்கும் ஒன்று’ பிழையை மென்பொருள் ஒருபோதும் மன்னிக்காது என்பதால், கை திருந்த அது நல்ல வாத்தியார்.

ஆய்வேட்டில் புதிய தேற்றம் இருந்தாக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. சிதறிக் கிடக்கும் மூன்று நான்கு ஆய்வுக் கட்டுரைகளை ஒரே குறியீட்டில் கொண்டுவந்து, ஆசிரியர்கள் ‘எளிதில் காணலாம்’ என்று விட்டுச் சென்ற படிகளை நிரப்பி, ஓர் எடுத்துக்காட்டையோ சிறு பொதுமைப்படுத்தலையோ சேர்த்தால் அது நல்ல முதுநிலை ஆய்வேடு. அந்த ‘எளிதில் காணலாம்’ சில சமயம் ஒரு மாத வேலை. தலைப்பைவிட நெறியாளரை முதலில் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒரு மணி நேரம் உங்களோடு கரும்பலகையின் முன் நிற்கக்கூடியவர், புகழ் பெற்றவரைவிடப் பயனுள்ளவர்.

படித்து முடித்தபின் என்ன வேலை?

பாதிப் பேர் போக விரும்புவது முனைவர் பட்டத்துக்கு; அதற்கான இடங்கள் குறைவு, போட்டி மிகுதி என்பதை மறைப்பதில் பயனில்லை. வெளியே, மென்பொருளும் சில்லுகளும் சொன்னபடி நடக்கின்றனவா என்று கணித முறையில் சரிபார்க்கும் துறை இவர்களைத் தேடுகிறது. 1994இல் இன்டெல்லின் பென்டியம் சில்லில் வகுத்தல் கணக்குப் பிழையாக வந்தது. மாற்றிக்கொடுக்க அந்நிறுவனம் 47.5 கோடி டாலரை ஒதுக்க நேர்ந்தது. சில்லுத் தொழிலில் இத்தகைய சரிபார்ப்பு வேரூன்ற அது ஒரு பெரிய காரணம். நிரல்மொழி வடிவமைப்பு, தரவுத்தளங்களின் வினவல்மொழிகள், கட்டுப்பாடுகளைத் தீர்க்கும் மென்பொருள்கள் ஆகியவற்றிலும் இடமுண்டு. ஆனால் நிரல் எழுதத் தெரியாமல் தர்க்கப் பட்டத்தை மட்டும் காட்டினால் அந்தக் கதவுகள் திறப்பது கடினம். படிக்கும்போதே ஒரு நிரல்மொழியைக் கையில் வைத்திருங்கள்.

இந்தப் படிப்பு எனக்கு ஒத்துவருமா என்று சேருமுன் எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ‘சிறியது’ என்ற ஒரே உறவைக் கொண்ட மொழியில், முடிவில்லாத கட்டமைப்புகளில் மட்டுமே மெய்யாகக்கூடிய ஒரே ஒரு கூற்றை எழுதுங்கள். எந்த உறுப்பும் தன்னைவிடச் சிறியதன்று. ஒன்று மற்றொன்றைவிடச் சிறியது, அது மூன்றாவதைவிடச் சிறியது என்றால் முதலாவது மூன்றாவதைவிடச் சிறியது. இவற்றோடு இன்னும் ஒரு நிபந்தனை வேண்டும், அதை நீங்களே கண்டுபிடிக்கலாம். பிறகு, முடிவில்லாத கட்டமைப்புகள் அனைத்திலும் மெய்யாகி, முடிவுள்ளவை அனைத்திலும் பொய்யாகும் ஒரே கூற்று இருக்க முடியாது என்று மேலே உள்ள ‘அ’ கணக்கைப் பயன்படுத்தி இரண்டு வரியில் நிறுவுங்கள். முதலாவது கூற்று இருக்கிறது, இரண்டாவது இல்லை; இவை எப்படி முரணாகவில்லை என்று விளக்கி எழுதுங்கள். விடை அரைப் பக்கத்துக்கு மேல் வராது. அதை எழுத எத்தனை தாள்களைக் கிழித்தீர்கள் என்பது பொருட்டன்று. கிழித்த பிறகும் இன்னொரு தாளை எடுக்கத் தோன்றியதா என்று மட்டும் கவனியுங்கள்.